ஒரே சுவர், மூன்று வேதம்: ஸ்பெயின் பயணக் குறிப்புகள்

நவம்பர் 11, திங்கள் – டொலேடோ

திங்கட்கிழமை டொலேடோவில் வந்து இறங்கினால் பாதி ஊர் கைநழுவிப் போகும். எல் த்ரான்சித்தோ என்ற யூத ஜெபாலயம் இப்போது அரசு அருங்காட்சியகம். அதற்கு வாரவிடுமுறை திங்கள். தூறலில் பூட்டிய கதவுக்கு முன்னால் குடையோடு ஒரு சிறு கூட்டம். காவலர் முகம் சுளிக்காமல் ஒவ்வொருவரிடமும் நாளைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மற்றவை திறந்திருந்தன. முதலில் கிறிஸ்தோ தெ லா லூஸ். கி.பி. 999இல் எழுந்த சிறிய பள்ளிவாசல், பக்கத்துக்கு எட்டு மீட்டர் இருக்கும். உள்ளே நான்கு தூண்கள், மேலே ஒன்பது விதானங்கள். ஒன்பதிலும் வளைவுகள் பின்னியிருக்கும் விதம் ஒன்றுபோல் ஒன்று இல்லை. கழுத்து வலித்தாலும் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டும். தூண்களின் தலைப்புக் கற்கள் அதற்கு முந்தைய, முஸ்லிம்களுக்கு முன் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்துகளின் காலக் கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்தவை. 12ஆம் நூற்றாண்டில் ஒரு பக்கம் அரைவட்டமாகப் பீடப் பகுதியை ஒட்டி, இதைத் தேவாலயமாக்கினார்கள். அதுவும் அதே செங்கல், அதே லாட வளைவு. ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கட்டச் சொன்னவர்களின் மதம் மாறியது, கொத்தனார்களின் கைவேலை மாறவில்லை.

711இல் முஸ்லிம் படை வந்த பிறகுதான் இங்கே மதச் சண்டை தொடங்கியது என்று நினைப்பவர்கள் டொலேடோவின் 7ஆம் நூற்றாண்டுச் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். இது விசிகோத்து கிறிஸ்தவ அரசர்களின் தலைநகர். சிசெபூத் அரசன் யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் பெற வைத்தான். 694இல் இங்கே கூடிய திருச்சபைப் பேரவை, யூதர்களை அடிமைகளாக்கிச் சொத்தைப் பறிக்கத் தீர்மானம் போட்டது. அடுத்த 17 ஆண்டில் அரசே கவிழ்ந்தது. புதிதாக வந்தவர்களை யூதர்கள் ஏன் பகையாகப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1085இல் காஸ்தீலின் கிறிஸ்தவ அரசர் ஆறாம் அல்ஃபோன்ஸோ முஸ்லிம்களிடமிருந்து ஊரை ஒப்பந்தம் போட்டுத்தான் வாங்கினார். பெரிய பள்ளிவாசல் முஸ்லிம்களிடமே இருக்கும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அரசர் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, பிரான்சிலிருந்து வந்த பேராயர் பெர்னார்தோ ஆட்களோடு போய் அதைப் பிடித்துக்கொண்டார். கோபத்தோடு திரும்பிய அரசரை முஸ்லிம் மார்க்க அறிஞர் ஒருவரே சமாதானப்படுத்தினார் என்பது ஊர்க்கதை. அந்த அறிஞருக்குப் பேராலயத்தின் முதன்மைப் பீடத்தருகே ஒரு சிலையும் உண்டு. அது நடந்ததோ இல்லையோ, பிடுங்கப்பட்டவனே மன்னித்துவிட்டான் என்று பிடுங்கியவர்கள் சிலை வைத்திருப்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

சாந்தா மரியா லா பிளாங்கா பெயரளவில் தேவாலயம். கட்டியது யூதர்களுக்கு, 12ஆம் நூற்றாண்டின் கடைசியில். பாணி வட ஆப்பிரிக்கப் பள்ளிவாசல்களுடையது. வெள்ளையடித்த எண்கோணத் தூண்கள், மேலே பைன் காய் செதுக்கிய தலைப்புகள். 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் யூதர்களை மதம் மாற்ற ஊர் ஊராகப் போன துறவி வின்சென்ட் ஃபெரரின் பிரசங்கங்களை ஒட்டி இது கிறிஸ்தவர் கைக்குப் போனது. இன்றும் உரிமை மறைமாவட்டத்திடம். பின்னால் படை தங்கும் இடமாகக்கூட இருந்தது. கூட்டம் குறைவதால் மாலை ஐந்து மணிக்கு மேல் போவது நல்லது.

இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு முன்னால் கிடைக்காது. எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்தவர்களுக்கு உணவகக்காரர் பாவம் பார்த்து ஆலிவ் காயும் ரொட்டியும் வைத்தார். ரொட்டிக்கு பில்லில் தனியாக ஒன்றரை யூரோ. ஊரின் பெயர்பெற்ற கார்காமூசாஸ், தக்காளியில் வெந்த பன்றிக்கறி. சாப்பிடாதவர்களுக்கு முட்டையும் உருளையும் சேர்ந்த தோர்த்தியா இருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய் – டொலேடோ

காலை பத்து மணிக்கு எல் த்ரான்சித்தோ. அரசர் பேத்ரோவின் பொருளாளர் சாமுவேல் ஹலேவி 1350களில் கட்டியது. உள்ளே நுழைந்ததும் கூரையைப் பார்க்காமல் கிழக்குச் சுவரை நெருங்கிப் போங்கள். சுண்ணச்சாந்தில் செதுக்கிய வேலைப்பாட்டில் முதலில் கண்ணில் படுவது கோட்டையும் சிங்கமும்: காஸ்தீல், லெயோன் அரசுகளின் கிறிஸ்தவ முத்திரை. சுவரின் விளிம்போடு ஓடும் பட்டைகளில் எபிரேயத்தில் சங்கீத வரிகள். கொடிப் பின்னலுக்குள் புதைந்தாற்போல் அரபியில் வாழ்த்துச் சொற்கள். கட்டியவர் யூதர், புகழப்படுபவர் கிறிஸ்தவ அரசர், அலங்காரம் முஸ்லிம் கைவேலை.

இதைக் காட்டித்தான் வழிகாட்டிகள் "மூன்று மதங்களும் கைகோத்து வாழ்ந்த பொற்காலம்" என்று முடிப்பார்கள். முடிக்காமல் விடுவது இது: 1360இல் அதே அரசர் ஹலேவியைக் கைது செய்தார், சொத்தைப் பறிமுதல் செய்தார், செவில் சிறையில் சித்திரவதையில் அவர் செத்தார். அரண்மனை யூதரின் நிலை எப்போதும் இதுதான். வரி வசூலிக்க அரசருக்கு ஆள் வேண்டும், வரி கட்டுகிற ஜனத்தின் கோபம் அந்த ஆள் மேல் விழும், கோபம் எல்லை மீறினால் அரசர் கைகழுவிவிடுவார்.

1449இல் அதுவே வேறு உருவில் வந்தது. போருக்குப் பணம் கேட்டு வரி போட்டதும், வசூலித்த அலோன்ஸோ கோத்தாவின் வீட்டை டொலேடோ மக்கள் கொளுத்தினார்கள். அவர் கிறிஸ்தவர்தான், ஆனால் யூத வழிவந்தவர். கலகத்தை நடத்திய பேத்ரோ சர்மியெந்தோ, யூத வம்சத்தில் வந்தவர் யாரும் நகரப் பதவி வகிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். போப் ஐந்தாம் நிக்கோலாஸ் அதைக் கண்டித்தார். ஞானஸ்நானம் பெற்றவனெல்லாம் சமம் என்பது திருச்சபையின் போதனை. கண்டனம் காகிதத்தோடு நின்றது. 1547இல் டொலேடோ பேராலயமே அதே விதியை ஏற்றுக்கொண்டது. வேதத்தில் ஆரம்பித்த பகை இரத்தத்துக்கு இறங்கியது இந்த ஊரில்தான். எதை நம்புகிறாய் என்று கேட்ட காலம்வரை தப்பிக்க ஒரு வழி இருந்தது. பாட்டன் யார் என்று கேட்க ஆரம்பித்த பின் ஞானஸ்நானமும் காப்பாற்றவில்லை.

புறப்படும் முன் சான் ஹுவான் தெ லோஸ் ரெயேஸ் மடத்தின் வெளிச்சுவர். உள்ளே போகாவிட்டாலும் தெருவிலிருந்தே தெரியும்: கனமான இரும்புச் சங்கிலிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடாவோடு நடந்த போரில் விடுவிக்கப்பட்ட கிறிஸ்தவக் கைதிகளின் கால்விலங்குகள். பழைய யூதக் குடியிருப்பின் ஓரத்தில் இப்படி ஒரு காட்சி.

கோர்தோபாவுக்கு இங்கிருந்து நேர் ரயில் இல்லை, மத்ரீத் திரும்பித்தான் போக வேண்டும்.

நவம்பர் 14, வியாழன் – கோர்தோபா

மெஸ்கீத்தாவுக்கு, அதாவது பேராலயமாக மாறிய பெரிய பள்ளிவாசலுக்கு, டிக்கெட் 13 யூரோ. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை எட்டரையிலிருந்து ஒன்பதரைவரை இலவசம். காசு மிச்சம் என்பதைவிட, அந்த நேரம் குழுச் சுற்றுலா இல்லை என்பதுதான் லாபம். ஒன்பதேகாலிலிருந்தே காவலர்கள் வாசல் பக்கம் தள்ள ஆரம்பிப்பார்கள்.

சுற்றிப் பார்க்கக் காலவரிசைதான் வசதி. ஊரை ஆண்ட உமய்யா வம்சத்தின் முதலாம் அப்துர் ரஹ்மான் 780களில் தொடங்கிய பகுதியில் தூண்கள் ஒரே உயரம் இல்லை, ஒரே நிறமும் இல்லை; ரோமானிய, விசிகோத்துக் கட்டடங்களிலிருந்து கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்தார்கள். தூண் குட்டையானதால் கூரையை உயர்த்த வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு வைத்தார்கள். உலகம் படம் எடுக்கும் அந்தச் சிவப்பு-வெள்ளை இரட்டை வளைவு இப்படிப் பிறந்தது. தரையில் ஓரிடத்தில், பள்ளிவாசலுக்கு முந்தைய கட்டடத்தின் மொசைக் தளம் தெரியும்படி திறந்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்து அதே வம்சத்தின் இரண்டாம் அல்ஹகம் 960களில் சேர்த்த மிஹ்ராப், தொழும் திசையைக் காட்டும் மாடம். பொன் பதித்த இந்த மொசைக்குக்குக் கண்ணாடிச் சில்லுகளையும் கைவினைஞரையும் அனுப்பியது கான்ஸ்டான்டிநோபிளின் கிறிஸ்தவப் பேரரசர் என்று அரபு வரலாறுகள் சொல்கின்றன. பாக்தாதின் அப்பாசியர்கள் இருவருக்குமே எதிரி. பொது எதிரி இருந்தால் பள்ளிவாசலுக்குக் கிறிஸ்தவர் கண்ணாடி அனுப்புவார்.

கடைசியாகக் கிழக்குப் பக்கம், கலீபாவின் பெயரில் ஆட்சி நடத்திய அமைச்சர் அல்மன்சூர் 987இல் சேர்த்தது. இங்கே வளைவை நெருங்கிப் பாருங்கள். முந்தைய பகுதிகளில் சிவப்பு என்பது செங்கல், வெள்ளை என்பது கல். இங்கே பல இடங்களில் எல்லாமே கல், சிவப்பு வெறும் பூச்சு. 997இல் இவர் சந்தியாகோ நகரத்தைச் சூறையாடி, தேவாலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகள் தோளில் சுமக்க வைத்து இங்கே கொண்டுவந்து விளக்குகளாகத் தொங்கவிட்டார். 1236இல் கோர்தோபாவைப் பிடித்த மூன்றாம் ஃபெர்னாந்தோ, அதே மணிகளை முஸ்லிம் கைதிகள் தோளில் திருப்பி அனுப்பினார். 239 ஆண்டு கழித்தும் கணக்கு மறக்கவில்லை.

நடுவில் முளைத்திருக்கும் பேராலயம் 1523இல் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால் எதிர்த்தது கோர்தோபாவின் கிறிஸ்தவ நகரசபை: இடிக்கிற வேலைக்குப் போகும் கூலியாளுக்கு மரண தண்டனை என்று அறிவித்தது. பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிறகு வந்து பார்த்து வருந்தினார் என்பார்கள்.

சண்டை இன்னும் முடியவில்லை. 2006இல் மறைமாவட்டம் 30 யூரோ கட்டணத்தில் கட்டடத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. 2010இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் இளைஞர்கள் சிலர் உள்ளே தொழ முயன்றதில் காவலர்களோடு கைகலப்பாகிக் கைதுவரை போனது. இன்றும் தொழுகைக்கு அனுமதி இல்லை. மிஹ்ராப் முன்னால் ஒருவர் மண்டியிட்டுப் படம் எடுக்கப் போனாலும் காவலர் விரைந்து வருகிறார்.

மதியம் சல்மொரெஹோ: தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் அரைத்த குளிர்ந்த கூழ், 6 யூரோ. மேலே கேட்காமலே ஹமோன் என்கிற உப்பிட்ட பன்றித் தொடையைத் துருவிப் போடுவார்கள். "ஸின் ஹமோன்" என்று ஆர்டரின்போதே சொல்ல வேண்டும். வந்த பிறகு சொன்னால் கரண்டியால் எடுத்துவிட்டு அதே கிண்ணத்தை நீட்டுவார்கள். கத்தரிக்காயை மெல்லிசாக அரிந்து பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவது இன்னும் பிரமாதம்.

நவம்பர் 15, வெள்ளி – கோர்தோபா

1315இல் கட்டிய ஜெபாலயம், பக்கத்துக்கு ஏழு மீட்டரைத் தாண்டாத ஒரே அறை. 1492இல் யூதர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு வெறிநாய்க்கடி நோயாளிகளின் மருத்துவமனை, அப்புறம் செருப்புத் தொழிலாளர் சங்கத்தின் சிற்றாலயம். 1884இல் சாந்து உதிர்ந்து விழுந்தபோதுதான் அடியில் எபிரேய எழுத்து இருப்பது தெரிந்தது.

அதே தெருவில் மைமோனிடிஸ் சிலை. தொட்டுத் தொட்டுப் பாதம் மட்டும் பளபளவென்று மின்னுகிறது. யூத தத்துவத்தின் ஆகப்பெரிய பெயர், பிறந்தது இந்த ஊரில். 1148இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அல்மொஹாதுகள் ஊரைப் பிடித்ததும், யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் இருந்த பழைய பாதுகாப்பு ரத்தாகி, மதம் மாறு அல்லது வெளியேறு என்றானது. குடும்பம் ஃபெஸ் வழியாகக் கடைசியில் எகிப்து போனது. ஆக இஸ்லாமிய ஸ்பெயின் என்று ஒன்றே ஒன்று கிடையாது. உமய்யாக்கள் வேறு, அல்மொஹாதுகள் வேறு. அந்த அல்மொஹாது அரசே 1195இல் தன் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்தைத் துரத்தியது. அவர் போய்ச் சேர்ந்தது யூத ஊராகப் பெயர்பெற்றிருந்த லூசெனாவுக்கு.

உமய்யா காலமும் சொர்க்கம் அல்ல. 850க்கும் 859க்கும் நடுவில் இந்த ஊரில் 48 கிறிஸ்தவர்கள் தலை வெட்டப்பட்டார்கள். பெரும்பாலோர் காஜி முன் தாங்களாகவே போய் நபியைப் பழித்துப் பேசித் தண்டனையைத் தேடிக்கொண்டவர்கள். 852இல் ஆயர்களே கூடி, இப்படிச் செய்ய வேண்டாம் என்று தடுத்தார்கள்.

நவம்பர் 16, சனி – செவில்

ரயிலில் முக்கால் மணி நேரம். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஸ்வெட்டர் பைக்குள் போனது. தெருமுனையில் வறுத்த செஸ்ட்நட், ஒரு டஜன் 3 யூரோ. சுட்ட வாசனைக்கே கொடுக்கலாம்.

பேராலயத்தின் அரச சிற்றாலயத்தில், 1252இல் இறந்த மூன்றாம் ஃபெர்னாந்தோவின் கல்லறை. கல்வெட்டு நான்கு மொழியில்: லத்தீன், காஸ்தீலியம், அரபி, எபிரேயம். அரபியில் ஹிஜ்ரி ஆண்டு, எபிரேயத்தில் யூதர்களின் ஆண்டு. வென்ற அரசர் தன் குடிமக்கள் மூன்று விதம் என்று கல்லில் ஒப்புக்கொண்டது அது. ஒன்றரை நூற்றாண்டுகூட நிற்கவில்லை.

எப்படிக் குலைந்தது என்பதைப் படிப்படியாகச் சொல்லலாம். எசிஹாவின் தலைமைக் குரு ஃபெர்ரான் மார்த்தினெஸ் 1378 முதல் யூதருக்கு எதிராகப் பிரசங்கம் செய்துவந்தார். அரசரும் பேராயரும் பலமுறை எச்சரித்தார்கள், ஓரளவு அடக்கி வைத்திருந்தார்கள். 1390இல் இருவரும் அடுத்தடுத்துச் செத்தார்கள், அரியணையில் சிறுவன். 1391 மார்ச்சில் முதல் கலவரம் அடங்கியது, ஜூன் 6இல் அடங்கவில்லை. சாந்தா குரூஸ் என்று இன்று பூந்தொட்டியும் கிதாரும் நிறைந்த பகுதிதான் சூறையாடப்பட்ட யூதக் குடியிருப்பு. கோர்தோபா, டொலேடோ, வலென்சியா, பார்சிலோனா என்று ஆகஸ்ட்டுக்குள் பரவியது. உயிருக்குப் பயந்து ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அடுத்த நூறாண்டின் சிக்கல் எல்லாம் இவர்களைப் பற்றியது: இவர்கள் நிஜக் கிறிஸ்தவர்களா?

அதற்குப் பதில் தேடத்தான் மதவிசாரணை மன்றம். போப்பின் ஆணை 1478இல், செவிலில் முதன்முதலாக ஆட்களை எரித்தது 1481 பிப்ரவரியில். தலைமையிடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ட்ரியானாவின் சான் ஹோர்ஹே கோட்டை. இப்போது அதன் மேல் காய்கறிச் சந்தை. பக்கத்துச் சந்துக்கு இன்றும் விசாரணைச் சந்து என்றே பெயர். மீனும் தக்காளியும் வாங்கிக்கொண்டு ஜனம் அதில்தான் இறங்கிப் போகிறது.

பலர் தவறாக நினைப்பது ஒன்று: ஞானஸ்நானம் பெறாத யூதர் மேல் மன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. குறி மதம் மாறியவர்கள் மேல். முதலில் கருணை அவகாசம், முப்பது நாற்பது நாள். தானாக வந்து ஒப்புக்கொண்டால் தண்டனை லேசு, ஆனால் கூட்டாளிகள் பெயரையும் சொல்ல வேண்டும். அதனால் ஒரு வாக்குமூலம் பத்துக் கைதாகும். கைதான உடனே சொத்துப் பட்டியல் எடுத்து முடக்குவார்கள். சிறைச் சாப்பாட்டுச் செலவும் அதிலிருந்தே. சாட்சி யார் என்று சொல்லமாட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருந்த முக்கிய ஆயுதம், தன் விரோதிகளின் பட்டியலைக் கொடுப்பது. சாட்சியின் பெயர் அதில் இருந்தால் சாட்சியம் பலவீனமாகும். அதனால் கடன் தகராறு, வேலி தகராறு, சம்பந்தி சண்டை எல்லாம் பதிவாகிக் கிடக்கிறது. மன்னிக்கப்பட்டவர் அணிந்த அவமான அங்கியையும் பெயரெழுதி ஊர்க் கோயிலில் தொங்கவிடுவார்கள், பேரப்பிள்ளைகளுக்கும் தெரியட்டும் என்று.

ஒருவர் ரகசியமாக யூதராகவே இருக்கிறார் என்பதற்கு மன்றம் தேடிய அடையாளங்கள் பாதிக்கு மேல் சமையலறையில்: சனிக்கிழமை மாற்றிய வெளுத்த சட்டை, வெள்ளி மாலையே ஏற்றிய விளக்கு, கறியில் கொழுப்பை நீக்கி இரத்தம் வடிய ஊறவைப்பது, பன்றிக் கொழுப்புக்குப் பதில் எண்ணெயில் வதக்கிய வெங்காயம் பூண்டு வாசனை, வெள்ளிக்கிழமை தணலில் ஏற்றி மறுநாள் இறக்கும் கொண்டைக்கடலைக் குழம்பு. காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் வீட்டு வேலைக்காரி. ஹமோனைக் கடை வாசலிலேயே தொங்கவிடும் பழக்கத்துக்கும் இந்தப் பயத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று பலர் சொல்வதை நம்பலாம் போலிருக்கிறது.

இரவு, சந்தைக்குப் பக்கத்தில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த தட்டு, 4 யூரோ. சீரக வாசனை தூக்கலாக, எண்ணெய் மிதக்க. நம் நாக்குக்கு இந்த ஊரில் இதைவிடப் பொருத்தமானது இல்லை.

இதே போன்ற மன்றத்தைப் போர்ச்சுக்கல் 1560இல் கோவாவில் வைத்தது; 1812வரை நடந்தது. இங்கிருந்து துரத்தப்பட்ட யூதர்களில் சிலர் கொச்சிவரை வந்தார்கள், 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயம் அவர்களும் சேர்ந்து கட்டியது.

நவம்பர் 18, திங்கள் – கிரனாடா

குளிர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சியெரா நெவாடாவில் புதுப் பனி. பானம் வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டு உணவு இலவசம், 3 யூரோவுக்குள் முடிந்துவிடும். ஆனால் தட்டில் என்ன வரும் என்பது அவர்கள் இஷ்டம். பன்றி வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னதும் கடைக்காரர் சிரித்துக்கொண்டே பாலாடைக்கட்டி வைத்தார்.

இந்த ஊருக்கும் இரு பக்கக் கணக்கு உண்டு. 1066 டிசம்பர் 30இல் முஸ்லிம் கூட்டம் யூத அமைச்சர் யோசேப் இப்னு நக்ரேலாவைக் கொன்று, யூதக் குடியிருப்பையும் அழித்தது. தூண்டிவிட்டதில் ஒரு கவிதைக்கும் பங்கு உண்டு.

கிரனாடாவின் முஸ்லிம் அரசர் கிறிஸ்தவ அரசர்களோடு செய்த 1491 நவம்பர் 25 சரணடைவு ஒப்பந்தம் விவரமானது: பள்ளிவாசல்கள் நிற்கும், காஜி தீர்ப்புச் சொல்வார், யாரையும் மதம் மாற வற்புறுத்தக் கூடாது. முதல் பேராயர் தலவேரா பொறுமைக்காரர், குருக்களை அரபி படிக்கச் சொன்னார். 1499இல் வந்த டொலேடோ பேராயர் சிஸ்னேரோஸுக்குப் பொறுமை இல்லை. கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கொடுத்தார். பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் அரபு நூல்களைக் கொளுத்தினார், மருத்துவ நூல்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். அல்பைசீன் பகுதி கலகம் செய்தது. கலகம் செய்ததால் ஒப்பந்தம் செல்லாது என்றார்கள். 1502இல் மதம் மாறு அல்லது வெளியேறு என்று காஸ்தீல் முழுக்க ஆணை வந்தது. கையெழுத்தாகி எட்டே ஆண்டில் கந்தலாகத் தொடங்கிய ஒப்பந்தம் அது.

அரச சிற்றாலயத்தின் பீடத்தில் கீழ்வரிசைச் சிற்பங்களை விட்டுவிடாதீர்கள். சற்றுக் குனிந்தால் கண் மட்டத்துக்கு வரும். ஒரு பலகையில் சரணடைவு. இன்னொன்றில் வரிசையாக முஸ்லிம்கள் தலை குனிந்து நிற்க, ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பெண்கள் வரிசையில் முக்காடு முகத்தை மறைக்கிறது. பெருமைக்காகச் செதுக்கியது, இன்று சாட்சியமாக நிற்கிறது.

பிறகு அரசர் இரண்டாம் ஃபிலிப்பின் 1567 ஆணை: மூன்றாண்டில் அரபியை மறக்க வேண்டும், குளியல் மண்டபங்கள் கூடாது, உடை மாற வேண்டும், வெள்ளிக்கிழமை வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும். 1568 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு புரட்சி வெடித்தது. ஈராண்டுக்கு மேல் போர், பின் ஊரைக் காலி செய்து காஸ்தீல் முழுக்கச் சிதறடித்தார்கள். 1609இலிருந்து 1614க்குள் சுமார் 3 லட்சம் மொரிஸ்கோக்கள், அதாவது மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களும் அவர்கள் சந்ததியும், நாட்டை விட்டே அனுப்பப்பட்டார்கள். அவர்கள் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

நவம்பர் 19, செவ்வாய் – அல்ஹம்ப்ரா

அல்ஹம்ப்ராவுக்குள் இருக்கும், கிரனாடாவின் கடைசி முஸ்லிம் வம்சமான நஸ்ரீதுகளின் அரண்மனைக்கு டிக்கெட்டில் அச்சிட்ட நேரம்தான் நேரம். தாமதமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள். டிக்கெட்டிலுள்ள பெயரும் பாஸ்போர்ட்டும் பொருந்த வேண்டும். தகப்பன் பெயரை இனிஷியலாகப் போடும் நம் வழக்கம் அங்கே குழப்பம் தரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயர் பதிவதுதான் உத்தமம். வரிசையில் ஒரு குடும்பம் இதற்காகவே அரை மணி நேரம் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றது.

1492 மார்ச் 31இல் யூதரை வெளியேற்றும் ஆணையில் கையெழுத்தானது கிரனாடாவில். ஜூலை கடைசிக்குள் போக வேண்டும். பொன், வெள்ளி, நாணயம் எடுத்துப் போகக் கூடாது. அவசரத்தில் வீட்டைக் கழுதைக்கும் திராட்சைத் தோட்டத்தைத் துணிக்கும் கொடுத்தார்கள் என்று அக்காலக் குரு பெர்னால்தெஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆணை முறைப்படி ரத்தானது 1968இல்.

ஐந்தாம் கார்லோஸின் வட்ட முற்றத்து அரண்மனையைப் பலர் அழகு போதாது என்று கடந்துபோகிறார்கள். அதற்குப் பணம் வந்த வழி தெரிந்தால் நிற்பார்கள். 1526இல் மொரிஸ்கோ வழக்கங்களைத் தடைசெய்யும் ஆணை தயாரானபோது, மொரிஸ்கோக்கள் பெருந்தொகை கொடுத்து அதை நாற்பதாண்டு தள்ளிப்போட்டார்கள். அந்த வரிப்பணத்தில்தான் இந்தக் கல் எழுந்தது. 1568இல் புரட்சி வெடித்ததும் வரி நின்றது, வேலையும் நின்றது. கூரை போட 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

எதிர்க் குன்றில் சான் நிக்கோலாஸ் தேவாலயத்தை ஒட்டி, 2003இல் திறந்த புதிய பள்ளிவாசல். அனுமதிக்கு இருபதாண்டுக்கும் மேல் இழுத்தது. தோட்டத்துக்குள் யாரும் போகலாம், கட்டணம் இல்லை, அல்ஹம்ப்ரா முழுதாகத் தெரியும். தேநீர் குடிக்கக் கால்தெரேரியா தெரு, புதினா போட்டு ஒரு குவளை 3 யூரோ.

2015இல் ஸ்பெயின், வெளியேற்றப்பட்ட யூதர்களின் சந்ததிக்குக் குடியுரிமை தரச் சட்டம் செய்தது. 2019வரை ஒரு லட்சத்துக்கும் மேல் விண்ணப்பங்கள். மொரிஸ்கோ சந்ததிக்கு அப்படி எதுவும் இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஜனவரி 2இல் போகிறவர்கள் கவனிக்க: சரணடைந்த நாளை ஊர் இன்றும் விழாவாக எடுக்கிறது. நகராட்சிக் கட்டட மாடியில் கொடி ஆட்டுவார்கள், கீழே ஒரு பக்கம் கைதட்டல், மறுபக்கம் எதிர்ப்புக் கோஷம், நடுவில் போலீஸ். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள்வரை விடுமுறைக் கூட்டம் இருக்கும். அறையையும் அல்ஹம்ப்ரா நேரத்தையும் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.